பதின்மூன்று திராட்சைகளும் ஒரு மிடாவும்



தெற்குப் பிரான்சிலே, றோன் என்னும் பேராற்றின் கீழைக்கரையில், அவிஞ்ஞோன் நகருக்கும் ஒறாஞ்சு நகருக்கும் இடையே ஒரு குன்று உண்டு. குன்றின் உச்சியிலே ஒரு கோட்டை. கோட்டை என்பதைவிட, கோட்டையின் ஒரு பக்கச் சுவர் என்பதே பொருந்தும். அதன் அடிவாரத்திலே அமைந்த சிற்றூருக்குச் சாத்தோநெவ் டியு பாப் என்று பெயர். பாப்பரசரின் புதுக்கோட்டை என்பது அதன் பொருள். அவ்வூரிலே செய்யப்படும் செந்நிறத் திராட்சை மதுவின் வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகின்றேன். மதுவைப் போற்றுவது என் நோக்கமன்று. அதனை ஒருபோதும் நாவில் வையாதவரும் கேட்கத்தக்க வரலாறு இது. ஏனெனில், ஒன்றோடொன்று இணங்காத பல பழங்களை ஒருங்கு சேர்த்து ஒரு சுவையாக்குவது எவ்வாறு, அவ்வாறு சேர்ப்பதிலே நேர்மை எது, கலப்படம் எது என்ற கேள்விகளுக்கு அவ்வூரார் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடி வந்திருக்கின்றனர்.

1309 ஆம் ஆண்டிலே பாப்பரசர் ஐந்தாம் கிளமெந்து றோமாபுரிக்குச் செல்லாது அவிஞ்ஞோன் நகரிலே தங்கினார். அவருக்குப் பின் வந்த இருபத்திரண்டாம் அருளப்பர், 1316 முதல் 1334 வரை அப்பீடத்திலே வீற்றிருந்தவர், நகரின் வெக்கைக்கு அஞ்சிக் கோடைக்காலத்திலே தங்குவதற்கென இக்குன்றின் மேல் கோட்டை எழுப்பினார். சுற்றியிருந்த நிலத்திலே திராட்சைக் கொடிகளும் பெருகின. பாப்பரசர்கள் மீண்டும் றோமாபுரிக்குச் சென்றபின் கோட்டை பாழடைந்தது. ஊரார் அதன் கற்களைப் பெயர்த்து வீடு கட்டினர். எஞ்சி நின்ற கோபுரத்தையும் 1944 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே பின்வாங்கிய செர்மானியப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தனர்; பாதி விழுந்தது, பாதி நின்றது. நிற்கும் பாதியைத்தான் இன்று காண்கின்றோம். ஆயினும், இக்கால மதுவைப் பாப்பரசர்கள் பருகிய மதுவென்று எண்ணிவிடலாகாது. இடையிலே ஒரு பேரழிவு நேர்ந்தது.

1863 ஆம் ஆண்டளவில், ஆற்றின் மறுகரையிலே, றொக்மோர் என்னும் ஊருக்கு அணித்தாக, திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. இலை மஞ்சளித்தது, பழம் முதிராது வெம்பியது, இரண்டு மூன்று ஆண்டுகளிலே கொடி பட்டுப்போயிற்று. பட்ட கொடியைப் பிடுங்கிப் பார்த்தபொழுது வேர் கருகியிருந்ததேயன்றிப் பூச்சி எதுவும் தென்படவில்லை. 1868 ஆம் ஆண்டிலே மொம்பெலியே நகரத்துத் தாவரவியலறிஞர் பிளான்சோன் என்பவரும் அவருடைய நண்பர் இருவரும், பட்ட கொடியை விட்டுவிட்டு, அதன் அயலிலே செழிப்பாய் நின்ற கொடியின் வேரைத் தோண்டினர். அங்கே கண்ணுக்குப் புலப்படுவதும் படாததுமான மஞ்சட் பேன்கள் மொய்த்திருந்தன. சாறு வற்றிய வேரை விட்டு, சாறுள்ள வேருக்கு அவை இடம்பெயர்ந்துவிடும் என்ற உண்மை அன்றுதான் வெளியாயிற்று. பிலொக்செறா என்று பெயர் பெற்ற அப்பூச்சி அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த கொடிகளோடு வந்து சேர்ந்தது. இலங்கைக் கோப்பித் தோட்டங்களிலே இலைத்துரு நோய் காணப்பட்டது 1869 ஆம் ஆண்டிலேயாம். ஒரே பத்தாண்டினுள் இங்கே கோப்பியும் அங்கே திராட்சையும் அழியத் தொடங்கின. நாம் கோப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினோம். அவர்களோ மாறவில்லை, பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டிலே தம் பழைய கொடியை ஒட்டுக்கட்டி, நிலம் முழுவதையும் மறுபடியும் நட்டனர்.

மறுபடி நடுவதென்றால் எதனை நடுவது? கேள்வி அங்கேதான் பிறந்தது. பழைய தோட்டங்களிலே பல வகைக் கொடிகள் கலந்து நின்றன. எதனை எதற்காக முன்னோர் வைத்தனர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. லா நெர்த் என்னும் பெருந்தோட்டத்தை 1877 ஆம் ஆண்டிலே வாங்கிய யோசேப்பு டியுக்கோ என்ற படையதிகாரி, இதனை ஒரு படையணியை வகுப்பது போலவே வகுத்தார் என்று சொல்லத் தோன்றுகின்றது. பத்து வகைகளைத் தெரிந்தெடுத்து, அவற்றை நான்கு கூட்டமாக்கி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பணியை விதித்தார்.

கிறனாஷ், சின்சோ என்னும் இரண்டும் மதுவுக்கு வெம்மையும் இனிமையும் மென்மையும் தரும். அவை நூற்றுக்கு இருபது பங்கு. மூர்வேத்ர், சிறா, முஸ்கார்தன், வக்காறெஸ் என்னும் நான்கும் உடற்கட்டையும் நிறத்தையும் நெடுங்காலம் கெடாதிருக்கும் ஆற்றலையும் தரும். அவை நாற்பது பங்கு. கூனுவாஸ், பிக்பூல் ஆகியவை குளிர்ச்சியும் நறுமணமும் தரும், அவை முப்பது. எஞ்சிய பத்துப் பங்கு கிளறெத், பூர்புலாங் என்னும் வெள்ளைத் திராட்சைகள். அவை நயத்தையும் ஒளியையும் தரும். இதுவே டியுக்கோவின் கணக்கு.

செந்நிற மதுவிலே வெள்ளைத் திராட்சைக்கு என்ன வேலை என்று நேயர்கள் வியக்கலாம். யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என வழங்கும் கருந்திராட்சை ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள்; சாறு பெரும்பாலும் நிறமற்றே இருக்கும். நிறமெல்லாம் தோலிலே உள்ளது. மதுவிலே ஏறும் செம்மையும் துவர்ப்பும் தோல் ஊறுவதால் வருவன. ஆகவே கருந்தோல் மிகுதியாய்க் கிடக்கும் தொட்டியிலே சிறிது வெள்ளைத் திராட்சை சேர்வதால் நிறம் குன்றிவிடாது. கனம் மட்டும் சற்றே தளரும். துவர்ப்பு என்ற சொல்லையும் இங்கே கவனிக்க. அறுசுவையுள் ஒன்றாக அதனை நம்மவர் பண்டே எண்ணி வைத்தனர். மேனாட்டு நூல்கள் வாய் வரளுதல் என்றும் நா இறுகுதல் என்றும் சுற்றி வளைத்து உரைப்பதைக் காணும்போது, நம் சொல்லின் அருமை தெரிகின்றது.

இனி, அந்நிலத்தையும் சொல்ல வேண்டும். குன்றின் மேட்டிலே மண் தெரியாதபடி உருண்டைக் கற்கள் பரந்து கிடக்கின்றன. தேங்காயளவு கற்களும் உண்டு. பழங்காலத்திலே றோன் ஆறு உருட்டிக் கொணர்ந்து விட்டுச் சென்றவை அவை. வடக்கிலிருந்து மிஸ்திறால் என்னும் வறண்ட காற்று கொடியை முறித்துவிடும் வேகத்தோடு வீசும். யாழ்ப்பாணத்திலே நாம் பந்தரிட்டுத் தலைக்கு மேல் படரவிடும் கொடியை, அவர்கள் பந்தருமின்றிக் கொழுகொம்புமின்றி, முழங்கால் அளவுச் செடியாகக் கத்தரித்து நிறுத்தி வைக்கின்றனர். கிறனாஷ் கொடி தடித்த தண்டுடையது. காற்றை எதிர்த்துத் தனியே நிற்கும். அதன் செல்வாக்குக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

ஏனெனில் டியுக்கோவின் கணக்கை ஊர் பின்பற்றவில்லை. அவர் இருபது பங்கினுள் அடக்கிய கிறனாஷ், இன்று அவ்வூர்த் தோட்டங்களிலே முக்காற்பங்குக்கு அண்மையாக நிற்கின்றது. இது எவ்வாறு நேர்ந்தது? அக்காலத்திலே அவ்வூர் மது தன் பெயரோடு வெளியே சென்றது சிறுபான்மை. பெரும்பகுதி பீப்பாக்களிலே வடக்கு நோக்கிப் பேர்கண்டி நாட்டுக்குச் சென்று, அங்கே வெயில் குறைந்த ஆண்டுகளிலே மெலிந்துபோன மதுவுக்கு வலுவூட்டும் மருந்தாகக் கலக்கப்பட்டது. வாங்கும் வணிகர் மணத்தை நாடவில்லை; வலுவையே நாடினர். கிறனாஷ் பழத்திலே சர்க்கரை மிகுதி. ஆதலால் மதுவின் வலுவும் மிகுதி. அடக்கமான நறுமணங்களுக்கு விலை கொடுப்பார் இல்லாதபோது, முஸ்கார்தனையும் வக்காறெசையும் எவர் நடுவர்? பயிரிடுவோனைக் குறை கூறுவதற்கில்லை. வேறோர் ஊரின் புகழுக்குப் பெயரின்றி உழைத்த மதுவின் விதி அது.

பெயர் புகழ் பெறத் தொடங்கியதும் வேறொரு துன்பம் வந்தது. 1893 ஆம் ஆண்டு வரை அவ்வூருக்குச் சாத்தோநெவ் கல்செர்னியே என்பதே பெயர். சுண்ணாம்புச் சூளைகளை நினைவூட்டும் பெயர். பாப்பரசரின் பெயர் சேர்ந்த பின் மதுவின் மதிப்பு உயர்ந்தது. உயரவே, எங்கெங்கோ பிழிந்த சாற்றை எல்லாம் அப்பெயரால் விற்கும் வணிகர் பெருகினர். 1923 ஆம் ஆண்டிலே ஊரிலுள்ள பயிர்ச்செய்கையாளர் சிலர் பொர்த்தியா என்னும் தோட்டத்து உரிமையாளராகிய பாறன் லெ றுவா என்பவரை நாடினர். சட்டம் பயின்றவர், முதலாம் உலகப் போரிலே விமானம் ஓட்டியவர், திருமணத்தால் அவ்வூரானவர். தங்களுக்காக வழக்காட வேண்டுமென்று அவர்கள் கேட்டபொழுது, அவர் ஒரு நிபந்தனை விதித்தார் என்பர்: பிறர் செய்யும் மோசடியைத் தடுக்குமுன், தாங்களே ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும் என்பது அது.

அக்கட்டுப்பாடுகள் இன்று படிக்கும்போதும் வியப்பளிக்கின்றன. காட்டு இலவந்தரும் தைமும் முளைக்கும் வறண்ட நிலத்திலே மட்டுமே கொடி நடலாம். செழித்த வயல்நிலம் ஆகாது. குறித்த வகைகளே நடப்பட வேண்டும். கொடியைக் கத்தரிக்கும் முறையும் குறிக்கப்பட்டது. பறித்த குலைகளிலே பழுதானவற்றைத் தெரிந்து விலக்க வேண்டும். மதுவின் வலு நூற்றுக்குப் பன்னிரண்டரைக்குக் குறையலாகாது. அதனையும் வெளியிலிருந்து சர்க்கரை சேர்த்துப் பெறலாகாது. இலவந்தரை நிலத்துக்குச் சாட்சியாக அழைத்த இவ்விதி வழக்கறிஞரின் அறிவும் உழவரின் அறிவும் ஒன்றுகூடிப் பெற்ற பிள்ளையென்றே நான் கருதுகின்றேன். களிமண் அளவையும் உயரத்தையும் எண்ணால் அளந்திருந்தால், நீதிமன்றத்திலே முடிவில்லா வாதம் எழுந்திருக்கும். அவ்வாறிருந்தும் வழக்குப் பத்தாண்டு நடந்தது. 1933 ஆம் ஆண்டிலே நாட்டின் உச்ச நீதிபீடத்திலே முடிவுற்றது. 1936 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள், பிரான்சிலே ஊர்ப்பெயர் உரிமை முதன்முதலாக வழங்கப்பட்ட மதுக்களிலே அவ்வூர் மதுவும் ஒன்றாயிற்று. மறு ஆண்டிலே பாப்பரசரின் முடியும், குறுக்கிட்ட திறவுகோல்களும் பொறித்த தனிக் குப்பியும் வந்தது. ஊர்ப்பெயரைக் காப்பதிலே அவர்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்றால், பறக்கும் தட்டுகளைப் பற்றிய பேச்சு எங்கும் பரவியிருந்த 1954 ஆம் ஆண்டிலே, அத்தகைய தட்டுகள் ஊர் எல்லையிலே பறக்கவும் இறங்கவும் ஏறவும் கூடாதென்று ஊர்த் தலைவர் ஒரு கட்டளை பிறப்பித்தார். இறங்கினால் பிடித்து அடைத்து வைக்கப்படுமாம்! அதுமுதல் இன்றுவரை தட்டு எதுவும் இறங்கவில்லை. ஆகவே கட்டளை நன்றாகவே நிறைவேறியிருக்கின்றது.

1936 ஆம் ஆண்டு விதி பதின்மூன்று வகைகளை ஏற்றது. டியுக்கோவின் பத்தோடு தெறே, றூசான், பிக்கார்தான் என்பன சேர்ந்தன. 2009 ஆம் ஆண்டின் விதியிலே அவை பதினெட்டாக எழுதப்பட்டிருப்பது, ஒரே வகையின் கறுப்பையும் வெள்ளையையும் வேறாக எண்ணியதனாலேயாம். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எவ்வகைகளைச் சேர்க்கலாம் என்று விதி கூறுகின்றதேயன்றி, எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கூறவேயில்லை. பதின்மூன்றையும் சேர்ப்பவன் விதிக்கு உட்பட்டவன். ஒன்றை மட்டுமே கொள்பவனும் விதிக்கு உட்பட்டவனே. றயாஸ் என்னும் புகழ்பெற்ற தோட்டத்தார் கிறனாஷ் ஒன்றைக் கொண்டே தம் செம்மதுவைச் செய்கின்றனர். அதே ஊர்ப்பெயரை உடைய பொக்காஸ்தல் தோட்டத்தாரோ பதின்மூன்றையும் வளர்க்கின்றனர். ஏறத்தாழ முப்பது பங்கு கிறனாஷ், முப்பது பங்கு மூர்வேத்ர், எஞ்சியவை பிற என்பது அவர்களுடைய வழக்கம். இரண்டும் உலகம் மதிக்கும் மதுக்கள். ஒரு விதியின் கீழ் இவ்விரண்டும் வாழ இடம் விட்டது அவ்விதியின் பெருமை.

செய்முறைக்கு வருவோம். வகைகள் பல என்றால் பழுக்கும் நாளும் பலவாகும். சிறா முந்திப் பழுக்கும், கிறனாஷ் பிந்தும், மூர்வேத்ர் எல்லாவற்றுக்கும் கடையிலே பழுக்கும். செப்தெம்பர் மாதத்திலிருந்து ஒக்தோபர் வரை கையாலேயே பறிக்கின்றனர். இயந்திரம் ஆகாதென்பது விதி. பறித்த பழத்தைச் சற்றே உடைத்துத் தோலோடும் விதையோடும் தொட்டியிலிட்டால், நுரையத்தின் தொழிலாலே சாறு பொங்கும், சர்க்கரை மதுவாகும். பொங்கும்போது எழும் வாயு தோல்களை மேலே தள்ளி ஒரு தடித்த ஆடையாக்கிவிடும். அடியிலிருந்து சாற்றை இறைத்து அவ்வாடையின் மேல் ஊற்றி நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் நிறமும் இறங்காது, ஆடையும் புளித்துக் காடியாகும். இரண்டு மூன்று வாரத்தில் மதுவை வடித்து, எஞ்சிய தோலைப் பிழிந்தெடுப்பர். பின்னர் மதுவிலுள்ள கூர்மையான புளிப்பு மென்மையான புளிப்பாக மாறும் இரண்டாவது மாற்றமும் நிகழும்.

கலத்தல் எப்பொழுது? இதிலே இரண்டு கட்சி உண்டு. ஏக காலத்திலே பழுத்தவற்றை ஒரே தொட்டியிலிட்டுச் சேர்த்தே பொங்கவிடுவது பழையமுறை. சேர்ந்து பொங்கியவை பிரியாத உறவு கொள்ளும் என்பர் அக்கட்சியினர். ஒவ்வொரு வகையையும் தனித்தனியே பொங்கவைத்து, குளிர்காலத்திலே சுவைபார்த்துக் கலப்பது மற்றைய முறை. இரண்டாவதிலே தவற்றைத் திருத்த வழியுண்டு. தொட்டியிலே சேர்த்துவிட்டதைப் பிரிக்க எவராலும் இயலாது. கண்ணாடிக் குழாயிலே சேர்த்ததைக் கொட்டிவிட்டு மறுபடி சேர்க்கலாம்.

கலக்கும் நாளிலே மேசையின் மேல் வரிசையாகக் குப்பிகள் நிற்கும். அளவுகோடிட்ட குழாயினால் கிறனாஷ் அறுபது பங்கு, மூர்வேத்ர் இருபத்தைந்து, கூனுவாஸ் பதினைந்து என்று ஒரு கிண்ணத்திலே வார்ப்பர். அயற் கிண்ணத்திலே அளவை மாற்றி வார்ப்பர். பின்பு முகர்ந்து, ஒரு மிடறு வாங்கி, காற்றை உள்ளிழுத்து நாவெங்கும் பரப்பி, உமிழ்ந்துவிடுவர். கொழும்பிலே தேயிலைச் சுவைஞர் வரிசையாக வைத்த கிண்ணங்களிலிருந்து ஓசையெழ உறிஞ்சி உமிழ்வதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. விழுங்குபவன் பத்தாவது கிண்ணத்திலே தீர்ப்புக் கூறும் தகுதியை இழந்துவிடுவான்.

அவர்கள் தேடுவது யாது? கிறனாஷ் தனித்து நின்றால் இனிமையும் வெம்மையும் உண்டு. துவர்ப்புக் குறைவு, நிறம் மெலிவு. மேலும் காற்றுப் பட்டால் விரைவிலே நிறம் மாறித் தளர்ந்துவிடும். மூர்வேத்ர் இதற்கு நேர் எதிர். அது கருத்தது, துவர்ப்பு மிகுந்தது, காற்றுக்கு அஞ்சாதது. ஆனால் இளமையிலே முகம் கொடாத கடுமை உடையது. ஒன்றின் குறையை மற்றதன் மிகை நிரப்புகின்றது. சிறா நிறத்தையும் மிளகு போன்ற காரமணத்தையும் சேர்க்கும். கூனுவாஸ் சேர்ந்தால் கனத்த சுவைக்குள்ளே ஒரு சாளரம் திறந்தாற் போன்ற குளிர்ச்சி தோன்றும். ஆயினும் நல்லவற்றையெல்லாம் சேர்த்தால் நல்லதே வரும் என்பதற்கில்லை. தனியே சிறந்து விளங்கிய ஒரு தொட்டி மது கலவையிலே சேர்ந்ததும் மற்றவற்றை அடக்கிவிடுவதுண்டு. தனியே பயனற்றதாகத் தோன்றிய ஒன்று ஐந்து பங்கு சேர்ந்ததும் முழுவதையும் தூக்கி நிறுத்துவதுமுண்டு. ஆகவே சுவைஞன் கிண்ணத்தைக் கையிலெடுத்ததும், இது எவ்வகை என்று கேட்பதில்லை. எது துருத்திக்கொண்டு நிற்கின்றது என்றே கேட்கின்றான். ஒன்றும் துருத்தாது நின்றால் அக்கலவை அமைந்தது. பின்னர் பெரும் பீப்பாக்களிலோ சீமெந்துத் தொட்டிகளிலோ ஓராண்டு, ஈராண்டு உறங்கவிட்டுக் குப்பியிலடைப்பர். குப்பியிலே பல்லாண்டுகள் கிடந்தால் விளிம்பின் நிறம் செங்கல்லை ஒக்கும். பழமணம் ஒடுங்கி, உலர்ந்த மூலிகையும் பதனிட்ட தோலும் போன்ற மணம் எழும்.

அண்மைக் காலத்திலே டியுக்கோவின் பழைய கணக்கு மறுபடியும் பேசப்படுகின்றது. காலநிலை வெப்பமாகி வருவதால் கிறனாஷ் பழத்திலே சர்க்கரை அளவு கடந்து ஏறுகின்றது. முன்னே பன்னிரண்டரை எட்டுமா என்று அஞ்சிய ஊரிலே, இன்று பதினைந்தைத் தாண்டாமல் நிறுத்துவது எவ்வாறு என்று கவலைப்படுகின்றனர். வலுவுக்காகப் பெருக்கிய கொடியின் வலுவே இன்று சுமையாயிற்று. எனவே சர்க்கரை குறைந்து குளிர்ச்சி மிகுந்த கூனுவாஸ், வக்காறெஸ், முஸ்கார்தன், தெறே என்னும் மறந்துபோன வகைகளைச் சிலர் மீண்டும் நடுகின்றனர். ஒருசில தோட்டங்களிலே அவற்றை விடாது வைத்திருந்த குடும்பங்கள் இல்லாதிருந்தால், ஒட்டுக்கட்டுவதற்குத் துண்டு வெட்டக் கொடியே தேட வேண்டியிருந்திருக்கும். ஒட்டிய கொடி நல்ல பழந்தர நான்கு ஆண்டாவது செல்லும். கலவையிலே தன் சுவையைத் தெளிவாகச் சொல்லும் முதிர்ச்சி பெறுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். நாற்பது பங்கு, முப்பது பங்கு என்று அப்படையதிகாரி எழுதிய கணக்கு சரியானதா என்பதை, அக்கொடிகள் முதிரும் காலத்திலே அம்மேசையருகே நிற்பவர்கள் சுவைத்து அறிந்துகொள்வார்கள்.